தராசுக் கொக்கியில் தொங்கிய குழாய் மணி

பித்தளையைத் தட்டிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடும் குடும்பம் எங்களுடையது. செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், பாத்திரக் கடை இருந்தது. வல்லத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விற்ற கையோடு, பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வந்தவர்கள் எடையைப் பார்ப்பார்கள், பளபளப்பைப் பார்ப்பார்கள். நைனா அதையெல்லாம் பார்க்கமாட்டார். குடத்தின் கழுத்தை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, மறு கையின் நடுவிரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார். சத்தம் நீளமாகப் போய்த் தானாக அடங்கினால் நல்ல குடம். போகிற வழியில் கரகரத்தால் எங்கேயோ கீறல். கண்ணுக்குத் தெரியாத கீறலாக இருந்தாலும் அவர் காதுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட பாத்திரத்தை அவர் எந்த விலைக்கும் விற்றதில்லை. உருக்குகிற மூட்டையில் போட்டுவிடுவார்.

அந்தக் காது எனக்கும் வந்திருக்கிறது. நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் இன்றைக்கும் பக்கத்து வீட்டில் ஒரு சொம்பைக் கீழே வைத்தால், அது கீறல் சொம்பா இல்லையா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

மனுஷர் பேச்சையும் நைனா அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். நாங்கள் ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் வாயில் வைக்கமாட்டோம். தோல் எங்கள் வாசற்படியைத் தாண்டாது; செருப்பும் தோல் பையும் தெருவோடு சரி. எங்கள் வீட்டில் இதற்கு மேலும் ஒன்று இருந்தது. ஒரு ஆள் பொய் சொன்னது தெரிந்தால் நைனா அவரோடு பேச்சையே விட்டுவிடுவார். தன் வாயிலேயே அறியாமல் ஒரு பொய் வந்துவிட்டது என்றால் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார். அவர் தராசைப் பற்றிச் சுற்று வட்டாரத்தில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீடு சீயமங்கலம் பக்கம், எங்கள் ஜனம்தான். அவர் சிறு வயதிலேயே மெட்ராஸ் போய், ஒரு சினிமா ஸ்டூடியோவின் வாத்திய கோஷ்டியில் சேர்ந்திருந்தார். "மாப்பிள்ளை சினிமாவுல மியூசிக்" என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். என்ன வாத்தியம் என்று யாரும் கேட்கவில்லை. வீணையோ பிடிலோ என்று நைனா நினைத்துக்கொண்டார்.

அவர் வாசித்தது குழாய் மணி. ஸ்டூடியோவில் டியூபுலர் பெல்ஸ் என்பார்கள். புதிதாகக் குடித்தனம் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு இரும்புச் சட்டம். அதில் வெள்ளி போல மினுங்குகிற பித்தளைக் குழாய்கள், நெட்டையும் குட்டையுமாக, வரிசையாகத் தொங்கின. தறியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தது போல இருந்தது எனக்கு. ஒவ்வொரு குழாய்க்கும் தலையில் மூடி உண்டு, அந்த மூடியின் விளிம்பில்தான் அடிக்க வேண்டும். சத்தத்தை ஓடவிடவும் நிறுத்தவும் கீழே காலால் மிதிக்கிற கட்டை. அடிக்கிற சுத்தியலின் தலை, தோலைச் சுருட்டி இறுக்கிச் செய்தது. அது தோல் என்று தெரிந்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"இது மட்டும் உங்க நைனாவுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

"தோலு இல்லாம அடிக்க முடியாதா?"

"இரும்பால அடிச்சா கொழா கெட்டுப்பூடும். கட்டையால அடிச்சா சத்தம் தொண்டையிலயே நின்னுடும். தோலுதான்."

ஒரே ஒரு அடி அடித்துக் காட்டினார். கோயில் மணி போல முகத்தில் வந்து மோதுகிற சத்தம் இல்லை. தூரத்து மலைமேல் யாரோ அடித்து, அது நம்மைத் தேடிக்கொண்டு நடந்து வருவது போல வந்தது. எங்கள் கடையில் எந்தக் குடமும் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

தலைப் பிரசவத்துக்குச் செஞ்சிக்கு வந்தேன். பெண் பிறந்தாள். ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய் விடுவது வழக்கம். அதற்குள் வல்லத்துப் பெரியப்பா மல்லாட்டை வியாபாரமாக மெட்ராஸ் போனவர், மாப்பிள்ளையையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற உள்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"உன் மாப்பிள்ளைய பாத்தேன்டா. நட்டநடுப் பகல்ல வேப்பமரத்தடியில உக்காந்துகினு மல்லாட்டை தின்னுகினு இருக்கறாரு. இன்னா மாப்பிள்ள, வேலைக்குப் போவலியான்னு கேட்டா, 'வேலையிலதான் இருக்கேன் மாமா, ஏழு அடி அடிக்கணும், அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்'றாரு."

"ஏழு அடியா? இன்னாத்த?"

"மணியாம். படத்துல ஒரு தாய் சாவறாளாம். அப்ப ஏழு தடவை அடிக்கறதுக்குத் தனியா ஒரு ஆளாம்."

கடை வாசலில் ஈயம் பூசிக்கொண்டிருந்த பாய் சிரித்துவிட்டார். "மொதலாளி, நான் ஒரு அண்டாவுக்கே எவ்ளோ அடி அடிக்கறேன். அப்ப எனக்கு அந்த ஸ்டூடியோவயே எழுதிக் குடுக்கணும்."

நைனா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு, எங்கள் வீட்டுக்காரர் வாசித்ததாகச் சொன்ன பழைய படம் ஒன்று வந்தது. நைனா சினிமா பார்க்கிறவர் இல்லை. படிக்கத் தெரிந்த பங்காளி ஒருவரை அனுப்பி, ஆரம்பத்தில் காட்டுகிற பெயர்களில் மாப்பிள்ளை பெயர் வருகிறதா என்று பார்த்துவரச் சொன்னார். வரவில்லை. கோஷ்டியில் வாசிக்கிறவர்கள் பெயரைப் போடமாட்டார்கள் என்பது செஞ்சியில் யாருக்குத் தெரியும்?

"பாப்பா இங்கயே இருக்கட்டும். அவன் இன்னா வேலை பண்றான்னு எனக்குத் தெரியற வரைக்கும் அனுப்பமாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். பாப்பா என்றது என்னைத்தான்.

"நான் என் கண்ணால பாத்தேன் நைனா" என்றேன்.

"நீ பாத்தது கொழாவ. தொங்கறதெல்லாம் வாத்தியமா?"

பெண்டாட்டி பேச்சைச் சாட்சியாக எடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

பிள்ளை குப்புற விழுந்ததும், உட்கார்ந்ததும், தவழ்ந்ததும் செஞ்சியில்தான். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால், "இன்னா, மணி அடிக்கிறவரு வந்து இட்டுகினு போவலியா?" என்று கேட்பார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு நேரே பார்த்து நடந்து வந்துவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் வாழாவெட்டி என்று ஒருத்தி சொன்னதும் கேட்டது. மெல்லத்தான் சொன்னாள். என் காது அப்படி.

எங்கள் வீட்டுக்காரர் நடுவில் ஒரு முறை வந்தார். நைனா எதிரில் நின்றுகொண்டே பேசினார்.

"மாமா, அங்க நாப்பது பேரு வாசிப்பாங்க. நான் நின்னுகினு எண்ணிகினே இருக்கணும். என் எடம் வந்தா அடிக்கணும். நான் தப்பினா நாப்பது பேரும் மொதல்லருந்து வாசிக்கணும்."

"அப்ப உங்களால உபகாரம் இல்ல, உபத்திரவம்தான்."

"படம் வரட்டும் மாமா. அந்தத் தாய் கண்ணு மூடற எடத்துல ஏழு அடி வரும். நீங்களே கேளுங்க."

"அந்தப் படம் இந்த ஊருக்கு வர்றதுக்குள்ள கொழந்தை பள்ளிக்கூடம் போயிடும்" என்றார் நைனா. அவருக்கு மோர் கூடக் கொடுக்கச் சொல்லவில்லை. அம்மாவாகத்தான் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் கிளம்பும்போது என்னிடம் ஒன்று சொன்னார். "உங்க நைனாவுக்குப் பேச்சு புரியாது. பித்தளைதான் புரியும்." என்ன நினைத்துச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த தடவை திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தோளில் ஒரு நீளமான கோரைப்பாய்ச் சுருட்டு இருந்தது. கடைக்குள் வந்து பிரித்தார். பாய்க்குள் போர்வை, போர்வைக்குள் ஒரு குழாய். ஸ்டூடியோவில் ஏதோ மெஷின் பழுதாகி நாலைந்து நாள் வேலை இல்லையாம். வரிசையின் நடுவிலிருந்து ஒன்றை யாரிடமும் கேட்காமல் கழற்றி, சட்டத்தின் மேல் துணியைப் போர்த்திவிட்டு வந்திருந்தார். வேலை தொடங்குவதற்குள் திரும்ப மாட்டிவிடலாம் என்று கணக்கு.

நைனா அதைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"முலாம் பூசினது."

"உள்ள பித்தளை மாமா. சீமைலருந்து கப்பல்ல வந்தது."

ஈயம் பூசுகிற பாய் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இத்த வெச்சுகினு கெணத்துல தண்ணி எறைக்கறதா மாப்பிள்ள?"

குழாயைக் கையில் பிடித்து அடித்தால் சத்தம் வராது, தொங்க வேண்டும். நைனா தராசைக் கழற்றித் தரையில் வைத்தார். கடை திறந்திருக்கும்போது அந்தத் தராசு இறங்கி நான் பார்த்ததில்லை. உத்திரத்தில் தராசு தொங்குகிற கொக்கியில், குழாயின் தலைப்பக்கத்து ஓட்டைகளில் கோத்திருந்த கயிற்றை மாட்டினார் எங்கள் வீட்டுக்காரர். குழாய் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"எதால அடிப்பீங்க? அது எங்க?" என்றார் நைனா.

இவர் உள்கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அது மெட்ராஸ்லயே இருக்குது மாமா."

தோல் சுத்தியலை எங்கள் கடைக்குள் கொண்டுவர அவருக்கு மனம் வரவில்லை. அவரும் ஜைனர் வீட்டுப் பிள்ளைதானே. அதற்குப் பதிலாகப் பையிலிருந்து ஒரு மரச்சுத்தியை எடுத்தார். தலையில் துணி சுற்றியிருந்தது. அடித்தார். சத்தம் வந்தது, வந்த உடனே செத்தது. அரிசி மூட்டையைத் தட்டியது போல. இன்னொரு தடவை அடித்தார். அதுவும் அப்படித்தான். தெருவில் போகிறவர்கள் நாலு பேர் நின்று பார்த்தார்கள். ஒரு ஆள், "பூசணிக்காவா?" என்று கேட்டான்.

நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நாலு பேர் எதிரில் மாப்பிள்ளை தன்னைச் சிறுமைப்படுத்திவிட்டதாக நினைத்துவிட்டார்.

"பித்தளைன்னா பேசணும். பாய், சுத்திய குடு" என்றார்.

ஒடுக்கு எடுக்கிற இரும்புச் சுத்தியல் பாய் கையில் இருந்தது. கொடுத்தார். "மாமா, வேணாம்" என்று இவர் சொல்லிக்கொண்டே முன்னால் வந்தார். அதற்குள் நைனா ஓங்கி அடித்துவிட்டார்.

அன்றைக்கு அந்தக் குழாய் பேசியது. கடையில் அடுக்கியிருந்த அத்தனை குடமும் அண்டாவும் கூடவே முனகின. மெட்ராஸில் நான் கேட்ட அதே சத்தம், கடைத்தெரு முழுக்கப் போயிற்று. தெருவில் நின்றவர்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். நைனாவின் முகம் மாறியது. நல்ல பாத்திரம் கையில் கிடைத்தால் வருகிற முகம் அது. இவர் குழாயை அணைத்துப் பிடிக்க வருவதற்குள், இன்னும் கேட்க வேண்டும் என்ற ஆசையில் நைனா இரண்டாவது அடி அடித்தார்.

இரண்டாவது அடி நீளமாகத்தான் கிளம்பியது. போகிற வழியில் கரகரத்தது.

எனக்குக் கேட்டது. நைனாவுக்குக் கேட்டது. இவர் குழாயை மார்போடு சேர்த்துப் பிடித்துச் சத்தத்தை நிறுத்தினார். பாய்தான் கிட்டே போய்ப் பார்த்தார். மூடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கயிறு கோத்த ஓட்டையிலிருந்து விளிம்பு வரைக்கும் மயிரிழை போல ஒரு கீறல்.

"ஈயம் வெச்சு அடைச்சுரலாம் மாப்பிள்ள. தண்ணி கூட ஒழுவாது" என்றார், ஆறுதலாக.

"தண்ணிக்கு இல்ல பாய்" என்றார் இவர்.

நைனா சுத்தியலைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து அம்மாவிடம், "பாப்பாவுக்கு வேணுங்கறத எடுத்துக் கட்டு. மாப்பிள்ள பொய் சொல்லல" என்றார். நான் அத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இவர் என்னை அப்போதே கூட்டிப் போகவில்லை. "கொழாவ மொதல்ல மாட்டிட்டு, பேச வேண்டியவங்ககிட்ட பேசிட்டு வெள்ளிக்கெழம வந்துடறேன். மூட்டை கட்டி வை" என்றார். போர்வையிலும் பாயிலும் குழாயைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். நைனா கடையிலிருந்த பாத்திரத்தில் நல்லதாகப் பொறுக்கி எடுத்தார். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். பெயர் வெட்டுகிறவரை வரவழைத்து, எல்லாவற்றிலும் என் பெயரை வெட்டச் சொன்னார். சாக்கில் கட்டி நடையில் வைத்தோம்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. திண்டிவனம் பஸ் வருகிற நேரமெல்லாம் நைனா கடையை விட்டு எழுந்து தெருமுனை வரைக்கும் போய்விட்டு வருவார். கேட்டால், காற்று வாங்கப் போனேன் என்பார். அந்தப் பொய்க்காகவும் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தார் என்று அம்மா சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் இவர் வந்தார். கையில் டிரங்குப் பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மெஷின் சீக்கிரமே சரியாகி, இவர் போய்ச் சேருவதற்குள் வேலை தொடங்கி, சட்டத்தின் மேல் போர்த்திய துணியை எடுத்தவுடனே கண்டுபிடித்துவிட்டார்களாம். நாற்பது பேர் வாத்தியத்தோடு காத்திருந்தார்களாம், அந்த ஒரு குழாயின் சத்தம் வேண்டிய இடத்தில் அது இல்லை. கீறல் விழுந்ததற்குப் பதில் ஒன்றை மட்டும் தனியாக வாங்கவும் முடியாது, செட்டாகத்தான் வரும். ஏன் எடுத்துப் போனாய் என்று கேட்டபோது, "மாமனாருகிட்ட காட்ட" என்று இருந்ததை இருந்தபடி சொல்லியிருக்கிறார். முதலில் எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வேறு ஸ்டூடியோக்களில் போய்க் கேட்டிருக்கிறார். அதற்குள் கதை அங்கேயும் போய்விட்டது.

"பொய்யா எதுனா சொல்லியிருக்கலாமே" என்றேன் நான்.

"உங்க வீட்டுப் பழக்கம் வந்துடுச்சு" என்றார்.

டிரங்குப் பெட்டியில் அவருடையது என்று இருந்தவை நாலு வேட்டி சட்டையும் அந்தத் தோல் சுத்தியலும்தான். சுத்தியலை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. பின்பக்கம் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்தார். எலி அதன் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. எல்லாரும் பார்த்தோம். யாரும் எடுக்கவில்லை.

அவர் நைனாவின் கடையில் உட்கார்ந்தார். வீட்டோடு மாப்பிள்ளை. பாத்திரத்தைத் துடைப்பார், அடுக்குவார், எடை போடுவார். தட்டிப் பார்க்க மட்டும் மாட்டார். வாங்க வந்தவர்கள் கேட்டால், "நீங்களே தட்டிக்கோங்க" என்று கையில் கொடுத்துவிடுவார். கொஞ்ச நாளில் நைனாவும், இவர் கடையில் இருக்கும்போது தட்டுவதை நிறுத்திவிட்டார். பாத்திரக் கடை சத்தமில்லாமல் நடந்தது. நடையில் கட்டி வைத்த மூட்டையைப் பிரித்தேன். பெயர் வெட்டியதைத் திரும்ப விற்க முடியாது. மெட்ராஸ் சமையலுக்கு என்று கட்டிய பாத்திரங்களில் செஞ்சியிலேயே சமைத்தேன். நான் பிறகு மெட்ராஸ் போகவே இல்லை.

நைனா சொன்னபடியேதான் நடந்தது. அந்தப் படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தபோது என் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வண்டியில் தட்டி கட்டி விளம்பரம் போனபோது இவர் கடையிலிருந்து எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். நைனா என்னைக் கூப்பிட்டு, "சீக்கிரம் சாப்ட்டு கெளம்பு. போவலாம்" என்றார். அவர் வாழ்நாளில் பார்த்த சினிமா அது ஒன்றுதான். இவரைக் கூப்பிட்டதற்கு, தலைவலி என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். எத்தனையோ ஊரில் ஓடித் தேய்ந்த படம். அடிக்கடி அறுந்தது. அறுந்தால் விளக்கைப் போடுவார்கள், ஆப்பரேட்டர் அறுந்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டுவார், ஜனங்கள் விசில் அடிப்பார்கள். நைனா துண்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். தாய் படுக்கையில் விழுந்தாள். பெண்கள் பக்கத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடினாள். மணி வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் அடித்த அடி. வேப்பமரத்தடியில் காத்திருந்து அடித்தது. கொட்டகையின் ஓட்டை ஒலிபெருக்கியிலும் அது தூரத்து மலையிலிருந்து நடந்து வந்தது. நான் விரலை மடக்கினேன். ஐந்தாவது வந்தது. ஆறாவது பாதியில் இருக்கும்போது படம் ஒரு குதி குதித்தது. திரையில் அதற்குள் பாடை போய்க்கொண்டிருந்தது. ஆறுதான். ஏழாவதை எந்த ஊரிலோ வெட்டி எறிந்துவிட்டார்கள்.

"கீறல் இல்ல" என்றார் நைனா. என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குக் கஞ்சி எடுத்துப் போனேன். நைனா தராசை மாட்டிக்கொண்டிருந்தார். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"ஏழும் கேட்டுச்சா மாமா?"

நைனாவின் கை தராசுச் சங்கிலியில் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எண்ணியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

"ஏழும் கேட்டுச்சு" என்றார்.

இவர் "ம்" என்றார். அண்டாவை நகர்த்திவிட்டு அடுத்த குடத்தை எடுத்தார்.

கஞ்சியை வைத்தேன். நைனா தொடவில்லை. மத்தியானம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"இன்னிக்கு இன்னா விரதம்? எனக்குத் தெரியாம?" என்றாள் அம்மா.

நான் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.